ஏங்க என்று ஒரு பெயர்

ஜூலை 5, சனி. டாலிகஞ்ச்.

காலையிலிருந்து மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஈரத் துண்டோடு ஜெர்மனி போக வேண்டியதுதான்.

லேக் மார்க்கெட் போய் வந்தாயிற்று. காப்பிப்பொடி, அப்பளம், புளி, நந்துவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். ஊறுகாயைப் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று கட்டினேன். வழியில் கசிந்தால் இவர் ஊர் திரும்பும் வரை சொல்லிக் காட்டுவார்.

இன்னும் வைக்க வேண்டியவை: இவருடைய ஸ்வெட்டர் (வேண்டாமாம். வைக்கணும்). இவருடைய பிரஷர் மாத்திரை. என் முட்டி வலித் தைலம். மாப்பிள்ளைக்கு வேட்டி.

வேட்டியை இவர் பார்த்துவிட்டார்.

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

"எந்த மாப்பிள்ளை?"

எங்கள் பெண் நந்து ஜெர்மனியிலேயே யோனாஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு போனில் சொன்னாளே, அன்றிலிருந்து இதே கேள்விதான். வீடியோ காலில் மாப்பிள்ளை முகம் தெரிந்தால் போதும், இவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பால்கனிக்குப் போய்விடுவார். எங்கள் பால்கனிச் செடிகள் வேர் அழுகிச் செத்ததற்கு ஜெர்மனிதான் காரணம்.

ஒரே பெண். இவர் வருவதற்கு ஒப்புக்கொண்டதே பெரிது. திரும்புவதற்குள் இரண்டு ஆண்களும் நேருக்கு நேர் பேசிவிட வேண்டும். கோட்டை கொத்தளம் எதுவும் பார்க்காவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மித்ரா பௌதி (பௌதி என்றால் இங்கே அண்ணி) சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தாள். "ஷுந்தொர்-தா ஜெர்மனி ஜாச்சேன்?" என்று இவரைக் கேட்டாள், ஜெர்மனி போகிறீர்களா அண்ணா என்று. இவர் சிரித்துத் தலையாட்டினார். இந்த வங்காள ஊரில் இவர் பெயரை ஒழுங்காகச் சொன்னவர் யாரும் இல்லை. ரயில்வே ஆபீஸில் ஷுந்தொரேஷன்பாபு. பால்காரருக்கு ஷுந்தர்பாபு. ரிட்டயர்மென்ட் நாளில் கொடுத்த கேடயத்தில்கூட ஏதோ ஒரு எழுத்து இல்லை. அதை அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எனக்குப் புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. இந்த டயரியில்கூட 'இவர்'தான்.

ஜூலை 8, செவ்வாய். ஹன் மியூண்டன்.

நல்ல வெயில், ஆனால் குளிர்கிறது. ஸ்வெட்டர் வேண்டாம் என்றவர் இறங்கியதும் கேட்டது ஸ்வெட்டர்.

ஊர் சின்னது. கறுப்பு மரச்சட்டம் போட்டு நடுவில் வெள்ளை பூசிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஊர்ப் பெயரை நந்து முதலில் சொன்னபோதே இவர், "முண்டனா? மொட்டை அடிக்கிற ஊரா?" என்றார். வங்காளத்தில் கேட்டால் அப்படித்தான் படும். இன்று மாப்பிள்ளை உதட்டைக் குவித்து மியூ, மியூ என்று சொல்லிக் காட்டினார். இவர் ஜன்னல் வழியாக மாடு பார்த்தார்.

('மாப்பிள்ளை' என்று இங்கே தாராளமாக எழுதிக்கொள்கிறேன். இவர் காதில் விழாது.)

விமான நிலையத்திலிருந்து மாப்பிள்ளைதான் ஓட்டி வந்தார். பச்சை நிறத்தில் குட்டிக் கார். முன் ஸீட்டை இவருக்காகப் பின்னால் தள்ளி, காலுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். இவர் நேராகப் பின்னால் ஏறி உட்கார்ந்து, "நீயும் இங்கேயே வா" என்று எனக்கு இடம் காட்டினார். டாலிகஞ்சில் டாக்சி ஏறுகிற மாதிரி. நந்து முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

வழி நெடுக, "நந்து, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு." "நந்து, பாத்ரூம் எங்கே வரும்னு கேளு." மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இவருக்கும் வரும்.

வீட்டுக் கதவு மணிக்குப் பக்கத்தில் சின்னப் பெயர்த் தகடு. அதில் ஆங்கில எழுத்தில் இவருடைய பெயர் மட்டும். நந்துவுக்குப் பாஸ்போர்ட்டில் இரண்டாவது பெயர் அதுதானே. அது அப்பாவின் சொந்தப் பெயர், குடும்பப் பெயரெல்லாம் இல்லை என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். எல்லா எழுத்தும் இருந்தது. போட்டோ எடுத்தார். பிறகு என்னிடம் மெல்ல, "அந்தப் பையன் பேரைக் காணோமே. வாடகை இவதான் கட்டறாளோ?"

பார்சல் கொண்டுவந்த பெண் நந்துவை 'ஃப்ராவ்' போட்டு அதே பெயரில் கூப்பிட்டாள். ஃப்ராவ் என்றால் திருமதியாம். அப்படிப் பார்த்தால் என்னைத்தானே கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்.

வெயில். நந்து லீவு. மாப்பிள்ளை ஜியாகரஃபி வாத்தியார், பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. காரில் ஆற்றங்கரையோடு பாட் கார்ல்ஸ்ஹாஃபன் என்ற இடம். வெள்ளை வெளேரென்று வரிசை வீடுகள், ஊர் நடுவில் சின்னத் துறைமுகம், அதில் வாத்துகள். பிரான்சிலிருந்து தப்பி வந்தவர்களுக்காகக் கட்டிய ஊராம். நம் பக்கத்துப் பழைய பிரெஞ்சு ஊர் சந்தன்நகரின் தம்பி என்றேன். "சந்தன்நகர்ல டீ கிடைக்கும்" என்றார் இவர்.

இன்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும். காரை நிறுத்தியதும் மாப்பிள்ளை ஓடி வந்து இவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "ஏங்க, ப்ளீஸ்" என்றார்.

இவர் அசையவில்லை. மாப்பிள்ளை மறுபடியும், "ஏங்க, காபி?"

நான் இவரை அப்படித்தானே கூப்பிடுகிறேன். வீடியோ காலிலும் கேட்டிருக்கிறார். அதுதான் பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் என்று நினைத்துவிட்டார் பாவம். எனக்குச் சிரிப்பு அடங்காமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். நந்து விளக்கிச் சொல்லிவிட்டு, "த்யாத் அம்மா, போதும், எல்லாரும் பாக்கறாங்க" என்று பாதி வங்காளத்தில் அதட்டிவிட்டு அவளும் சிரித்தாள். மாப்பிள்ளை காது வரை சிவந்துவிட்டார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்ட அவசரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு.

காபி வரும் வரை நான் பாடம் நடத்தினேன். "இவரை மாமான்னு கூப்பிடணும். என்னை அத்தை."

"மாமா என்றால் இங்கே அம்மா" என்றார் மாப்பிள்ளை ஆங்கிலத்தில். இவருடைய மீசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பரவாயில்லை. சொல்கிறேன்."

சொன்னார். பக்கத்து மேஜைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். ஏழடிக்கு வளர்ந்த பிள்ளை வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்து "மாமா, கேக்?" என்றால் யார்தான் திரும்ப மாட்டார்கள். இவர் குனிந்து கேக்கைச் சாப்பிட்டார்.

ஜூலை 10, வியாழன்.

மேகம். நந்து வேலைக்குப் போய்விட்டாள், பக்கத்து ஊரில் லேப். நடுவில் ஆள் இல்லாமல் இன்று எப்படி என்று பயந்துகொண்டே கிளம்பினேன்.

அதற்கு முன்னால் சமையலறையில் ஒரு சங்கடம். காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து நின்று, "அத்தே, அவர் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது? நந்து ஒரு மாதிரி சொல்கிறாள், அது வங்காளம் என்று அவளே சிரிக்கிறாள். நீங்கள் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

எனக்கு முகம் மாறிவிட்டது. மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமா? மாமா போதும் என்றேன். "கூப்பிட இல்லை. எனக்கு அந்தச் சத்தம் மட்டும் வேண்டும்" என்றார். சத்தமாம். பாலைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். மரியாதை தெரியாத பிள்ளை இல்லை. ஏன் இந்தப் பிடிவாதம் என்றுதான் புரியவில்லை. இவர் காதில் விழுந்திருந்தால் அடுத்த பிளேன்.

காட்டு வழியாகக் கார். மரம், மரம், மேலும் மரம். இவரும் நானும் பின்னால். முன் ஸீட்டில் என் கைப்பை. ஒரு லெவல் கிராஸிங்கைத் தாண்டும்போது இவர், "அட, கம்பத்துல பழைய கை சிக்னல் இன்னும் வெச்சிருக்கான்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். காலமெல்லாம் சிக்னல் பிரிவில் இருந்தவர். மாப்பிள்ளைக்கு என்ன புரிந்ததோ, ஓரமாகக் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டார். கம்பத்துக் கை ஏறி, ரயில் வந்து போய், கை இறங்கும் வரை காத்திருந்தோம்.

"எதுக்கு நிறுத்தினான்?"

"உங்களுக்காகத்தான்."

"நான் கேட்டேனா?"

ஆனால் ஜன்னல் கண்ணாடியை இறக்கி நன்றாகத்தான் பார்த்தார்.

சாயங்காலம் பெட்டியைக் குடைந்தால் பிரஷர் மாத்திரை இல்லை. டாலிகஞ்சில் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, எனக்குக் கண்ணில் தெரிகிறது. கைப்பையில் இருந்த அட்டையும் இன்றோடு காலி. வைக்க வேண்டியவை என்று எழுதியதோடு சரி, வைத்தேனா. இவர் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி.

தூறல், பிறகு வெயில். மறக்க முடியாத நாள். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மாப்பிள்ளை தன்னுடைய டாக்டரிடம் அழைத்துப் போனார். நந்துவுக்கு இன்றும் வேலை. உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டு, "குட்டன் மார்கன், ஹெர் ஸுண்டரேஸான்" என்றாள். ஹெர் என்றால் திரு. இவர் உடனே நிமிர்ந்து, "குட் மார்னிங், மேடம்" என்றார். என்னிடம் திரும்பி, "பாத்தியா, பேர் தெரிஞ்சு வெச்சிருக்கா. நம்ம ஊர்ல டோக்கன் நம்பர்தான்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

அந்தப் பெண் இவரைப் பார்த்துச் சொல்லவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. எனக்குத்தான் கண் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காத்திருக்கும் அறை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து அதே குரல்: "ஹெர் ஸுண்டரேஸான், பிட்டே."

இவர் எழுந்தார். மாப்பிள்ளையும் எழுந்தார்.

எழுந்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு உறைத்திருக்கிறது. அப்படியே பாதியில் நின்றார், உட்காரவும் முடியாமல். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். மாப்பிள்ளை இவர் பக்கம் கையைக் காட்டி, "பெரியவர்" என்கிற மாதிரி சொன்னார்.

"என்னைத்தானே கூப்பிட்டா. நீ ஏன் எழுந்தே?" இவர் கேட்டது தமிழில். ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து. நேராக.

மாப்பிள்ளைக்குத் தமிழ் புரியாது, கேள்வி புரிந்தது. "என் பெயரும் அதுதான்" என்றார் ஆங்கிலத்தில். "கல்யாணத்திலிருந்து."

டாக்டர் பிரஷர் பார்த்தார். கூடுதலாம். இருக்காதா பின்னே.

வெளியே வந்தோம். இப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கதவுத் தகட்டில் இருந்தது ஒரு பெயர்தான், ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து. சமையலறையில் அந்தப் பிள்ளை கேட்டது இவருடைய பெயரை இல்லை, தன்னுடைய பெயரை. தன் பெயரைத் தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று மாமியாரிடம் வந்து நின்றவரைப் பாலைச் சாக்காக வைத்து விரட்டியிருக்கிறேன்.

இவர் காரை நோக்கி விடுவிடுவென்று நடந்தார். பின் கதவைத் தாண்டினார். முன் கதவைத் திறந்தார். ஸ்டியரிங். நம் ஊரில் முன்னால் உட்காருகிறவருக்கு இடது பக்கம், இங்கே அது ஓட்டுகிறவருடைய பக்கம். கதவைத் திறந்தபடி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாமா, நீங்கள் ஓட்டுகிறீர்களா?" என்றார் மாப்பிள்ளை, சாவியை நீட்டி. கிண்டல் இல்லை, பயத்தில் கேட்டது.

இவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறி முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நான் ஒருத்தி, ராஜாத்தி மாதிரி. மூக்கைச் சிந்தினேன், ஜலதோஷம் என்று சொன்னேன்.

வீட்டுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை ஒரு படகுத்துறைக்கு ஓட்டினார். காரோடு ஆற்றைக் கடக்கிற படகு. இன்ஜின் கிடையாது, குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்திலேயே அக்கரை போகிறது. ஹவுராவில் ஃபெர்ரி ஏறினால் டீசல் புகையில் கண் எரியும், இங்கே தண்ணீர்ச் சத்தம் மட்டும். இவர் இறங்கிக் கம்பியையும் கப்பியையும் பார்த்துக்கொண்டே, ஆங்கிலத்தில்:

"உன் பேரை ஏன் விட்டே?"

"ஷ்மிட். என் பள்ளிக்கூடத்திலேயே நாலைந்து ஷ்மிட். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வேண்டும் என்று நினைத்தோம். நந்து பெயர் அழகாக இருந்தது."

"அது நந்து பேர் இல்லை. என் பேர்."

"தெரியும். பிறகுதான் தெரிந்தது. உங்களைக் கேட்டிருக்க வேண்டும்."

"கல்யாணத்தையே கேக்கலை."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நான் படகின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். படகு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாதி ஆறு தாண்டியதும் இவர் கேட்டார்: "எல்லா எடத்துலயும் ஸ்பெல்லிங் சரியாப் போட்டிருக்காங்களா? ஒரு எழுத்து விடாம?"

"ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாகச் சொல்லுவேன்."

"நானும்தான்" என்றார் இவர். "காலமெல்லாம்."

ஜூலை 12, சனி.

வெயில். நந்து வீட்டில். நேற்று நடந்ததைக் கேட்டு என் மடியில் தலை வைத்து அழுதாள். அப்பா பைத்தியக்காரத்தனம் என்பார் என்று பயந்து சொல்லாமல் இருந்தாளாம். இவர் ஹாலிலிருந்து, "அழுதது போதும், கார் ரெடி" என்றார். கார் ரெடியாம். இவர் வாங்கிய கார் மாதிரி.

முன் ஸீட் இனி நிரந்தரமாக இவருக்கு. நந்துவும் நானும் பின்னால்.

ஊர் எல்லையில் இரண்டு ஆறு சேரும் இடம். வேரா, ஃபுல்டா. சேர்ந்த பிறகு இரண்டு பெயருமே கிடையாது, அங்கிருந்து வேசர். மாப்பிள்ளை வாத்தியார் பாணியில் விளக்கினார். இவர் பதிலுக்கு, மேப்பில் ஹூக்ளி என்று போட்டாலும் நாங்கள் கங்கை என்றுதான் சொல்வோம் என்று விளக்கினார். இரண்டு வாத்தியார்கள். நந்துவும் நானும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

திரும்பும்போது காரில் பெயர்ப் பாடம். இவர் சொல்ல, மாப்பிள்ளை திருப்பிச் சொல்ல. 'சு' வரவே மாட்டேன் என்கிறது, 'ஸு' என்று தேனீ மாதிரி இரைகிறது. கடைசி 'சன்'னும் 'ஸான்'தான். நந்து திருத்தப் போய் ஷகரம் போட்டாள். இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத்தே சொல்லட்டும்" என்றார் மாப்பிள்ளை, கண்ணாடியில் என்னைப் பார்த்து.

அத்தை சொல்ல மாட்டாள், ஏன் என்று நந்து விளக்கினாள். மாப்பிள்ளையால் நம்ப முடியவில்லை. "ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட" என்றார் இவர். சாலையைப் பார்த்தபடி, தமிழில், யாருக்கோ சொல்லுகிற மாதிரி: "நான் போன ஊர்லெல்லாம் என் பேரைச் சரியாச் சொல்லத் தெரிஞ்சவ ஒருத்திதான். அவ வாயைத் திறக்க மாட்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரைச் சொல்லாதது இவருக்கு நான் செய்யும் மரியாதை என்றே இருந்துவிட்டேன். அது ஒரு குறையாக உள்ளே கிடக்கும் என்று தோன்றவே இல்லை.

வீடு வந்ததும் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சொல்லிப் பார்த்தேன். குரல் எழும்பவில்லை.

ஜூலை 15, செவ்வாய்.

நாளை பிளேன். மாப்பிள்ளை வேட்டி கட்டிக் காட்டினார், பெல்ட் போட்டு. பெட்டியில்: சாக்லேட், மித்ரா பௌதிக்கு மர பொம்மை, பிரஷர் மாத்திரை (முதலில் வைத்தது இதைத்தான்). இவர் அந்தக் கதவுத் தகட்டை மறுபடி போட்டோ எடுத்தார், இந்தத் தடவை பக்கத்தில் மாப்பிள்ளையை நிற்க வைத்து.

டிசம்பர் 27, சனி. டாலிகஞ்ச்.

இதமான வெயில், லேசான குளிர். இந்த ஒரு மாதத்துக்காகத்தான் இந்த ஊரை மன்னிக்கலாம்.

நந்துவும் மாப்பிள்ளையும் வந்து நாலைந்து நாள். எழுத நேரமே இல்லை. வாடகைக் கார் வைத்து இவர் ஊர் சுற்றிக் காட்டுகிறார். டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இடம். "அவன் கால் நீளம்" என்கிறார். பக்கத்து வீட்டில் 'சோட்டோ ஷுந்தொர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சின்ன ஷுந்தொர். மாப்பிள்ளைக்கு ஒரே பெருமை.

இன்று லேக் மார்க்கெட். நந்து சாமான்களோடு காரில். டிரைவர் ஹாரன் மேல் ஹாரன், பின்னால் பஸ். இவர் காப்பிப்பொடிக் கடைக்குள், அரைக்கிற மிஷின் பக்கத்தில். மாப்பிள்ளை தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு, கார் இந்தப் பக்கம் நிற்க, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது.

"யோனாஸ்" என்றேன். கேட்கவில்லை. "மாப்பிள்ளை" என்றேன். பூக்காரர்தான் திரும்பினார். தலை தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளைக்கும் அதுதானே பெயர். மாப்பிள்ளையைத்தானே கூப்பிடுகிறேன். நடைபாதை ஓரத்தில் நின்று, அடி வயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"சுந்தரேசன்."

மாப்பிள்ளை திரும்பவில்லை. ஸுண்டரேஸானுக்கும் சோட்டோ ஷுந்தொருக்கும் பழகிய காதுக்கு அது வேறு யாருடைய பெயரோ.

கடைக்குள்ளிருந்து இவர் வெளியே வந்தார். சட்டையெல்லாம் காப்பித் தூள். அந்த மிஷின் இரைச்சலில் எப்படிக் கேட்டதோ.

"கூப்பிட்டியா?"

"மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்."

இவர் மாப்பிள்ளை போகும் திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவனுக்குக் கேக்கலை போல" என்றார். "இன்னொரு தடவை கூப்பிடு."